கேதத்துக்குப் போகிறோம் என்று சொல்லி

நான் பணி ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் மாலை போட்டார்கள், லட்டும் மிக்சரும் கொடுத்தார்கள், ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கையில் வைத்தார்கள். நேரத்துக்கு ஓடவேண்டியிருந்த காலமெல்லாம் கடிகாரம் தராமல், இனி எங்கும் போகவேண்டியதில்லை என்று ஆனபிறகு தருகிற வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்கவேண்டும். மேடையேறிய அத்தனை பேரும் "டீச்சர் இனிமேல் நிம்மதியாக வீட்டில் இருக்கட்டும்" என்றார்கள். அது எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கை கால் நன்றாக இருந்தது, கண் நன்றாகத் தெரிந்தது, பசித்தது, சிரிப்பு வந்தது. நான் எதற்காக நிம்மதியாக வீட்டில் இருக்கவேண்டும் என்று அப்போதே கேட்டிருப்பேன். வாயில் லட்டு இருந்தது.

ஓய்வு என்றால் என்ன என்பது மறுநாளே விளங்கிவிட்டது. மொச்சை உரிப்பது ஓய்வு. அரிசியில் கல் பொறுக்குவது ஓய்வு. மாடியில் காய்கிற வடகத்துக்குக் காக்கை விரட்டுவதும் ஓய்வுதான். என் மகன் கம்பத்தில் உரக்கடை வைத்திருந்தான். முன்னால் கடை, பின்னால் வீடு. நல்ல பிள்ளை. குடிக்கமாட்டான், அதட்டிப் பேசமாட்டான். "உனக்கு என்னம்மா குறை?" என்று மட்டும் அடிக்கடி கேட்பான். அந்தக் கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும் பதில் கிடைக்காது. சோறு இருந்தது, மின்விசிறி இருந்தது, மருமகள் மரியாதையாக இருந்தாள். குறை இல்லாதவள் வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருந்த சட்டம்.

என்னோடு ஓய்வு பெற்ற ஆண் வாத்தியார்கள் அப்படி இருக்கவில்லை. அவர்களுக்கு ஊரே திறந்து கிடந்தது. வாசகசாலையில் கேரம் போர்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நிரந்தரமாக ஒரு பெஞ்சு, கிளப்பில் ரம்மி, சாயங்காலம் வாய்க்கால் பாலம் வரை ஒரு நடை. அதற்கு மேல், ஊர்ப் பூங்காவில் ஒலிபெருக்கி வைத்த ரேடியோ. செய்தி நேரத்தில் வேட்டிகளெல்லாம் வரிசையாக உட்கார்ந்து உலகத்தைப் பற்றிக் கவலைப்படும். ஒரு நாள் நானும் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போனார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். கொஞ்ச நேரத்தில், என்னோடு பல வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த கணக்கு வாத்தியார் அருகில் வந்து குனிந்து, "என்ன டீச்சர், யாரையும் எதிர்பாத்து இருக்கீகளா?" என்று கேட்டார்.

"இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்" என்றேன்.

அவர் முகத்தில் உண்மையாகவே கவலை தெரிந்தது. "வீட்டுல ஏதும் பிரச்சினையா? தம்பிட்ட நான் வேணாப் பேசட்டுமா?" என்றார். நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி என் மகன் கடைக்குப் போய்விட்டது. அன்று எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் வருகிறது. பொது இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அவள் யாருக்காகவோ காத்திருக்கவேண்டும், அல்லது வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வந்திருக்கவேண்டும். மூன்றாவது காரணம் எங்கள் ஊரில் கிடையாது.

கோயிலுக்குப் போகலாமே என்பார்கள். போகலாம். ஆனால் சாமியிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. தினமும் போய் நின்றால் அவருக்கே சந்தேகம் வரும். கல்யாண வீட்டுக்குப் போகலாம். புருஷனை இழந்தவளுக்கு அங்கே கடைசி வரிசை, அதுவும் தாலி கட்டி முடிந்த பிறகு. ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் வயதான பெண்ணை முன்வரிசையில் வரவேற்பார்கள். அது சாவு வீடு. எங்கள் பக்கத்தில் அதைக் கேதம் என்போம். கேதம் கேட்கப் போகிறேன் என்றால் யாரும் தடுக்கமாட்டார்கள். தடுத்தால் பாவம்.

எனக்கு இரண்டு கூட்டாளிகள் கிடைத்தார்கள். ஒருத்தி பள்ளிவாசல் தெரு மதினி. ராவுத்தர் குடும்பம், வயல்காடு உள்ளவர்கள். அவளுடைய பிள்ளைகள் மூன்று பேருமே என்னிடம் படித்தவர்கள். நான் அவளை மதினி என்பேன், அவள் என்னை டீச்சர் என்பாள். பேச ஆரம்பித்தால் பஸ் ஹாரனையே அமுக்கிவிடுவாள். இன்னொருத்தி எங்கள் இருவருக்கும் மூத்தவள், மாவு மில்லுக்கார அக்கா. அவள் பேசவே மாட்டாள். மில்லில் ஓடுகிற மிஷின் சத்தத்துக்கு நடுவில் குடும்பம் நடத்தியதால், பேசிப் பிரயோஜனமில்லை என்று பழகிவிட்டாள் என்று மதினி கேலி செய்வாள். புருஷன் போனபிறகு மில் மகன் கைக்கும், சாவி மருமகள் இடுப்புக்கும் போயின. எங்கே போனாலும் அக்கா மருமகளிடம் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

முதல் தடவை நாங்கள் பொய் சொல்லவில்லை. கூடலூரில் எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்த ஓர் அம்மாள் உண்மையாகவே இறந்துபோனார். போனோம், அழுதோம், எடுத்தார்கள், கிளம்பினோம். கம்பத்துக்கு வர நிறுத்தத்தில் நின்றபோது எதிர்ப்பக்கம் குமுளி போகிற பஸ் வந்தது. மதினி அதையே பார்த்தாள். "டீச்சர், நம்ம வாய்க்கால்ல ஓடுற தண்ணி எங்கனருந்து வருதுன்னு நான் பாத்ததே இல்ல. எங்க வயலுக்கெல்லாம் அதான் பாயுது" என்றாள். மூன்று பேரும் சாலையைத் தாண்டி அந்த பஸ்ஸில் ஏறினோம்.

லோயர் கேம்ப்பில் இறங்கினோம். மலை மேலிருந்து பெரிய பெரிய இரும்புக் குழாய்கள் இறங்கி வருவதையும், மின்சார நிலையத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் நுரைத்து ஓடுவதையும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம். வாய்க்கால் கரையில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டோம். ஜில்லென்று இருந்தது. ஜீப் டிரைவர்கள் நிற்கிற டீக்கடையில் சுடச்சுட பருப்பு வடை. மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற கடைக்காரர் "எந்தா அம்மச்சி, எவிடேக்கு?" என்று கேட்டார். பேசாத அக்கா அன்றைக்கு வாயைத் திறந்தாள். "எங்கயும் இல்ல, இங்கதான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் பல்வரிசையை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வரும் வழியில்தான் கேதத்தின் அருமை புரிந்தது. கேத வீட்டுக்குப் போகிறவளை எப்போது வருவாய் என்று கேட்கமாட்டார்கள். எடுக்க நேரமாகலாம், வெளியூர் மகள் வந்து சேராமல் இருக்கலாம். அங்கிருந்து கிளம்பும்போதும் போயிட்டு வாறேன் என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிடவேண்டும். ஆகவே நாம் எப்போது கிளம்பினோம் என்பதற்குச் சாட்சி கிடையாது. என் வீட்டிலும் அக்கா வீட்டிலும் கொல்லைப்புறமாக வந்து தலைக்கு ஊற்றிய பிறகுதான் உள்ளே நுழைய முடியும். அதுவரை பக்கத்தில் வரமாட்டார்கள், பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். ஈரத்தலையோடு வந்தாலும் கேள்வி கிடையாது, பாவம், அங்கேயே குளித்திருப்பாள் என்று விட்டுவிடுவார்கள். ஒரு பெண் நாள் முழுவதும் தன் இஷ்டத்துக்குச் சுற்றிவிட்டு வருவதற்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை மந்திரிசபை கூடி யோசித்தாலும் செய்யமுடியாது.

அதற்குப் பிறகு நாங்கள் செத்தவர்களை விடவில்லை. தூரத்துச் சொந்தம், பழைய மாணவனின் பெரியம்மா, மில்லுக்கு மிளகாய் கொண்டுவருகிறவரின் மாமனார் என்று ஒரு சாவையும் தவறவிடாமல் போனோம். துக்கம் கேட்பது அரை மணி, பிறகு பகல் எங்களுடையது. உத்தமபாளையத்தில் ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து கடலை தின்றோம். போடியில் மேட்னி ஷோ பார்த்தோம். மதினி துப்பட்டிக்குள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில், பக்கத்து சீட்டுக்காரி அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொன்னாள். எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பிடித்தது சுருளி அருவி. அமாவாசைக்கு ஊரே போய்த் திதி கொடுத்து முழுகிவிட்டு வரும். நாங்கள் அமாவாசை இல்லாத நாளாகப் பார்த்துப் போய், ஒரு மூதாதையரையும் நினைக்காமல் அருவிக்கு அடியில் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றோம்.

இதற்காக எனக்கு வெட்கமில்லை. செத்தவர்களுக்கு மரியாதையாக அழுதோம். உயிரோடிருந்த மிச்ச நேரத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஒரு மழைக்காலத்தில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் யாருமே சாகவில்லை. வாரம் மேல் வாரம் போனது. அக்கா மில் வாசலில் சாக்கு மடித்துக்கொண்டு, நான் போகும்போதெல்லாம் கண்ணாலேயே கேட்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன். இந்த நிலையில்தான் பால்காரர் ஒரு செய்தி சொன்னார். சுருளிப்பட்டியில் இருந்த என் பழைய தலைமையாசிரியரை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து விடிகாலையில் காரில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். மதுரைக்குப் போனவர் பஸ்ஸில் திரும்பினால் குணமாகிவிட்டது. காரில் திரும்பினால் கதை முடிந்தது, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். கார் வந்த வீட்டில் மூங்கிலுக்கும் பந்தலுக்கும் சொல்லிவிடுவார்கள். எனக்கும் மேற்கொண்டு விசாரிக்கத் தோன்றவில்லை. விசாரிக்க ஆசையும் இல்லை. மகனிடம் "ஹெச்சம் தவறிட்டாக. நாங்க போறோம்" என்றேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு, "அடடா, நல்ல மனுசன்" என்றான்.

பஸ் சுருளிப்பட்டிக்குள் நுழைந்தது. திராட்சைப் பந்தல்களைத் தாண்டிக் கடைத்தெருவில் நின்றபோது, அக்கா என் தொடையைக் கிள்ளினாள். டீக்கடை வாசலில், பேப்பரை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, பெஞ்சு காலியாகக் கிடந்தும் உட்காராமல், தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு மூலத்துக்கு ஆபரேஷன் செய்திருந்தார்களாம். பஸ் சீட்டில் உட்கார முடியாது என்று மருமகன் காரின் பின்சீட்டில் குப்புறப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், செத்தவர் நின்றுகொண்டு பேப்பர் படிக்கிறார்.

"இப்ப என்ன டீச்சர் செய்ய?" என்றாள் மதினி.

இறங்கித் திரும்பியிருக்கலாம். ஆனால் பஸ் அருவிக்குப் போகிற பஸ். "நல்லாருக்கட்டும். நம்ம பாட்டுக்குப் போவோம்" என்றேன்.

அன்றைக்குப்போல் அருவி என்றைக்கும் கொட்டியதில்லை. மழைக்காலத் தண்ணீர் தோளில் விழுந்து அடித்தது. மதினி துப்பட்டியைப் பாறையில் போட்டுவிட்டு உள்ளே நுழைந்து, மூச்சுத் திணறி வெளியே வந்து, மறுபடி நுழைந்தாள். அக்கா முடியை அவிழ்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் வரமாட்டேன் என்று நின்றாள். கூப்பிட்டேன். காதில் விழவில்லையா, விழாததுபோல் இருந்தாளா, தெரியவில்லை. கரையேறி, ஈரச்சேலையோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்து, பந்தல்காரர் ஒருவர் கொடுத்த கறுப்புத் திராட்சையைத் தின்றுகொண்டு, யார் கொட்டையைத் தூரமாகத் துப்புவது என்று போட்டி வைத்தோம். மதினிதான் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. என் மகன். ஹேண்டில்பாரில் பெரிய சம்பங்கி மாலை தொங்கியது. எடுப்பதற்குள் வந்து மரியாதை செய்யவேண்டும் என்று கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறான். எங்களைப் பார்த்தான். எங்கள் வாயைப் பார்த்தான், உதட்டில் திராட்சைச் சாறு.

"அம்மா" என்றான்.

"வாப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

"ஹெச்சம் உசுரோட இருக்காக."

"ஆமா, காலையிலேயே பாத்தோம். நல்லாத்தான் இருக்காக."

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் போய்த் திராட்சை புரையேறிவிட்டது. அவன் சிரிக்கவில்லை. மாலையோடு போய்க் கதவைத் தட்டியிருக்கிறான், தலைமையாசிரியரே வந்து திறந்திருக்கிறார். சம்பங்கி மாலை எதற்கு என்று அவருக்குத் தெரியாதா. அவர் மனைவி தெருவில் இறங்கி, மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் பேசியிருக்கிறார். எங்களை அருவி பஸ்ஸில் பார்த்ததாக டீக்கடையில் யாரோ சொல்ல, அப்படியே வண்டியைத் திருப்பியிருக்கிறான். சுருளிப்பட்டி விவசாயிகள் அத்தனை பேரும் என் மகன் கடையில்தான் உரம் வாங்குகிறவர்கள். அவன் முகம் கறுத்திருந்ததைப் பார்த்து எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. தேனியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் தம்பியையும் வரவழைத்திருந்தார்கள். "இந்த வயசுல ஒனக்கு எதுக்குக்கா இந்த ஊர்சுத்தல்? ஊர் என்ன பேசும்?" என்றான் தம்பி. இருபது வயதில் போகக்கூடாது, குமரி. நாற்பதில் போகக்கூடாது, குடும்பம். அறுபதிலும் போகக்கூடாது என்றால் எந்த வயதில் போகலாம் என்று எழுதிக் கொடு என்றேன். மகன் தலையைக் குனிந்துகொண்டே, "ஒனக்கு என்னம்மா குறை?" என்றான்.

"குறை இருந்தாத்தான் வெளிய போகணுமா?" என்றேன். "ஒங்க அப்பா தினம் டீக்கடைக்குப் போனாகளே, அவுகளுக்கு என்ன குறை இருந்துச்சு?"

தீர்ப்பை மட்டும் சொன்னார்கள். இனிமேல் எங்கே போவதானாலும் மகன் கூட்டிக்கொண்டு போவான். கேதத்துக்கும் அப்படித்தான். பொழுது போக டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கித் தருவான். மதினி வீட்டில் அவளுடைய மூத்த மகன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லையாம். அவளுக்கு அது நிம்மதியாக இருந்ததாகச் சொல்லியனுப்பினாள். மாட்டிக்கொண்டவள் அக்காதான். மருமகள் மில் வாசலுக்குக்கூட அவளை வரவிடவில்லை. அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். சாக்கு மடிக்கிற இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

டிரான்சிஸ்டர் வந்தது. மொச்சை உரித்துக்கொண்டே கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் எங்கே தப்புச் செய்தோம் என்று பிடிபட்டது. பொய் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வெளியே போவதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பிணத்தை முன்னால் விட்டுக்கொண்டு போயிருக்கிறோம். கேட்டது எங்கள் சொந்தப் பகல்பொழுது. அதைத் திருட்டுச் சாமான்போல் சேலைக்குள் ஒளித்து எடுத்துப்போனதால்தான், பிடிபட்டவுடன் பறித்துக்கொண்டார்கள். பேரனுக்கு ஜுரம் வந்தால் ராத்திரி முழுவதும் விழித்திருக்கத் தெரிந்த எனக்கு, காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டத் தெரியவில்லை என்றால் யாரை நோவது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் கூட்டமாக இருக்கிற நேரத்தில், கொல்லை வழியாகப் போகாமல் கடை வழியாகவே வெளியே வந்தேன். வெளுத்த சேலை, கையில் மாற்றுச்சேலையும் துண்டும் வைத்த பை. யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "என்ன டீச்சர், எங்கன கேதம்?" என்று கேட்டார். சுருளிப்பட்டிச் செய்தி பள்ளத்தாக்கு முழுவதும் பரவியிருந்தது. கடையில் இருந்த அத்தனை பேரும் காது கொடுத்தார்கள். மகன் தராசில் இருந்து கையை எடுத்தான்.

"கேதமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். "அருவிக்குக் குளிக்கப் போறேன். சும்மாத்தான்."

பெரியவர் மகன் பக்கம் திரும்பினார். மகன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு, "சாப்பிட்டுப் போம்மா" என்றான். சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். என்னைத் தடுக்க அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. முன்பும் இருந்ததில்லை போலிருக்கிறது, நான்தான் நேராகச் சொல்லிப் பார்த்ததில்லை.

முந்தின நாளே சொல்லியனுப்பியிருந்ததால், பள்ளிவாசல் தெருவில் மதினி நான் கூப்பிடுவதற்கு முன்பே துப்பட்டியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். மகனிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "தெருவுக்கே சொல்லிட்டேன்" என்றாள். இருவரும் மாவு மில் வீட்டுக்குப் போனோம். மில் ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய் அரைக்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். மதினி தன் முழுத் தொண்டையில் அக்காவைக் கூப்பிட்டாள். மருமகள் வந்து நிலைப்படியில் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அத்தைக்கு உடம்புக்கு முடியல" என்றாள். பிறகு வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "இன்னைக்கு எந்த ஊருல, யாரு செத்துப்போனாக டீச்சர்?" என்றாள்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மருமகளுக்குப் பின்னால் இருட்டுக்குள் ஏதோ அசைந்தது. அக்கா வந்தாள். கையில் துண்டு இருந்தது. நிலைப்படியில் ஊன்றியிருந்த கையை மெதுவாக, குழந்தையின் கையை விலக்குவதுபோல் எடுத்துவிட்டு, படியிறங்கிச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். அதன்பிறகு திரும்பி, மில் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரலில் சொன்னாள்.

"யாரும் சாகல தாயி. நானும் இன்னும் சாகல. அதுக்குள்ள அருவியப் பாத்துட்டு வாறேன்."